கம்பவுண்டர் அண்ணாச்சி போட்ட தரை

கார் ஓட்டத் தெரிந்தவர்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள். காருக்கு அடியில் மல்லாந்து படுத்தபடியே குடும்பம் நடத்தத் தெரிந்தவர், சத்தியமாகச் சொல்கிறேன், இந்தப் பூலோகத்தில் ஒரே ஒருத்தர்தான். தென்காசிக் கம்பவுண்டர் அண்ணாச்சி.

அவரைத் தேடி வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது அவர் பாதங்களை. நிறையப் பேர் கடைசியில் பார்த்ததும் அதைத்தான். முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும் என்று அடம்பிடித்தால் நீங்களும் தரையில் கன்னத்தை வைத்துப் படுக்க வேண்டியதுதான். பாதம் ஆடினால் சம்மதம் என்று அர்த்தம். ஆடாமல் இருந்தால் ஆள் தூங்கிவிட்டார் என்று அர்த்தம். ஒரு கல்யாணப் பத்திரிகையை அவர் கால் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் செருகி வைத்துவிட்டுப் போன ஆளை எனக்குத் தெரியும்.

ஐம்பதுகளின் கடைசியில் எனக்குத் தென்காசிக்கு மாற்றலாயிற்று. சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா, கல்யாணம் ஆகாதவன். ஒரே முற்றத்தைச் சுற்றி நாலைந்து வீடு இருக்கிற ஒரு வளவில் குடியிருந்தேன். எனக்கு எதிர்வீடு கம்பவுண்டர் அண்ணாச்சி. ஆஸ்பத்திரியில் மிக்ஸ்சர் மருந்து கலக்குகிற வேலை. ஆளும் மிக்ஸ்சர் நிறத்தில்தான் இருப்பார். மருந்துச் சீட்டைக் கையில் வாங்கும்போதே உங்களை ஏற இறங்கப் பார்த்து, "இது மருந்துக்குக் கேக்காது. ரெண்டு நாள் சாரல்ல நனையாம இரும்" என்பார். பிறகு மருந்தும் கொடுப்பார். ஊருக்கெல்லாம் அவர் கம்பவுண்டர். வளவுக்குக் கம்பவுண்டர் அண்ணாச்சி. சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாரும் கிடையாது.

அவர் வீட்டம்மா கோமதி மதினி. வளவில் எல்லோருக்கும் அவள் மதினி. நெற்றியில் பெரிய குங்குமம், வாயில் சுருக்கமான பேச்சு. அவள் புருஷனைக் கோபித்துக்கொள்ளும்போது கூட 'இங்க பாருங்க' என்றுதான் ஆரம்பிப்பாள். அவர் எதையும் பார்க்க மாட்டார், அது வேறு விஷயம்.

காருக்கு வருகிறேன்.

செங்கோட்டைக்கு மேற்கே மலையில் தேயிலைத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரத் துரை, சீசனுக்குச் சீசன் குற்றாலத்தில் பங்களா எடுத்துத் தங்குவார். அவருக்கு முதுகில் கட்டி கிளம்பி உட்கார முடியாமல் போனபோது அண்ணாச்சி ஒரு களிம்பு அரைத்துக் கொடுத்தாராம். கட்டி உடைந்தது. சுதந்திரம் வந்து கொஞ்ச வருஷத்தில் துரை மூட்டை கட்டினார். போகிற போக்கில், பங்களாக் கொட்டகையில் நின்றிருந்த தம்முடைய ரெண்டு சீட்டு வண்டியை அண்ணாச்சிக்குக் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறிவிட்டார். யுத்தத்துக்கு முந்தின வண்டி. மேலே கூரை கிடையாது. மூக்கு நீளம், வால் குட்டை. பச்சை நிறம். பந்தயத்துக்குச் செய்த ஜாதி என்று அண்ணாச்சி சொல்வார். கொட்டகையிலேயே பல வருஷம் கிடந்து, நான் குடிவந்த பிறகுதான் அது வளவுக்கு ஒரு ஜோடி மாட்டோடு வந்து சேர்ந்தது.

நானும் போய்ப் பார்த்தேன். மேலே தடவினால் முகம் தெரிந்தது. ஆகா, ராஜா வண்டி என்று நினைத்துக்கொண்டு குனிந்து அடியில் பார்த்தேன். பல வருஷத்துக் குற்றாலச் சாரல் முழுக்க அங்கேதான் குடியிருந்திருக்கிறது. வண்டியின் அடிவயிறு முழுவதும் துரு. கை வைத்த இடமெல்லாம் அப்பளம் மாதிரி உதிர்ந்தது. டிரைவர் சீட்டுக்குக் கீழே தரை என்று ஒன்று பேருக்கு இருந்தது. பக்கத்து சீட்டுக்குக் கீழே அதுவும் இல்லை. உட்கார்ந்து குனிந்தால் பூமாதேவியைத் தரிசிக்கலாம்.

அண்ணாச்சி அசரவில்லை. ஒரு குட்டிச் சுத்தியலை எடுத்துக்கொண்டு அடியில் போனார். டாக்டர்கள் நெஞ்சில் விரல் வைத்துத் தட்டுவார்களே, அதே மாதிரி ஒரு ஓரத்திலிருந்து தட்டிக்கொண்டே வந்தார். 'ணங்' என்றால் தகடு உயிரோடு இருக்கிறது. 'பொத்' என்றால் முடிந்தது. ஒரு சாயங்காலம் முழுக்க வளவில் 'பொத் பொத்' என்று கேட்டுக்கொண்டே இருந்தது. எப்போதாவது ஒரு 'ணங்' வரும். உடனே உள்ளேயிருந்து, "இருக்குவே, உசுரு இருக்கு" என்று குரல் வரும்.

முதல் வைத்தியத்திலேயே கோளாறு பண்ணினார். துரு எடுத்த ஓட்டைகளைத் தாரும் சாக்கும் வைத்து அடைத்துக்கொண்டே வந்தவர், ஒழுங்கான வட்டமாகச் சில துளைகள் இருந்ததையும் சேர்த்து அடைத்துவிட்டார். துரு எங்கேயாவது காம்பஸ் வைத்து வட்டம் போடுமா? உள்ளே புகுந்த தண்ணீர் வடிந்து போகட்டும் என்று கம்பெனிக்காரன் விட்ட துளை அது. மறுநாள் ராத்திரி சாரல் பிடித்துக்கொண்டது. காலையில் பார்த்தால் வண்டி நிறையத் தண்ணீர், சீட்டு மட்டத்துக்கு. ஒரு தவளை ஸ்டியரிங் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. வளவில் ஒருத்தர் சோப்பும் துண்டுமாக வந்து, "அருவிக்கு இனிமே எதுக்கு அவ்வளவு தூரம் போகணும்?" என்று நின்றார். அண்ணாச்சி அடியில் போய், அடைத்த துளைகளைத் திருப்புளியால் ஒவ்வொன்றாகக் குத்தித் திறந்துவிட்டார். அத்தனை தண்ணீரும் அவர் மேலேதான் வந்தது.

தரையில் படுத்து வேலை பார்ப்பதில் கை நீட்ட இடம் போதவில்லை. பஸ் கம்பெனிக்காரர்கள் குழி வெட்டி வைத்திருப்பார்கள். வளவில் குழி வெட்டினால் வீட்டுக்காரர் நம்மை அதிலேயே இறக்கிவிடுவார். அண்ணாச்சி ஒரு உபாயம் கண்டுபிடித்தார். குற்றாலம் போகிற வழியில் கல் கட்டின ஒரு வயல் வாய்க்கால் உண்டு. சித்திரை வைகாசியில் சொட்டுத் தண்ணீர் இருக்காது. வண்டியைக் கொண்டுபோய் இந்தக் கரையில் ரெண்டு சக்கரம், அந்தக் கரையில் ரெண்டு சக்கரம் என்று வாய்க்கால் மேலேயே நிறுத்திவிட்டு, கீழே வாய்க்காலுக்குள் இறங்கிச் சவுகரியமாகப் படுத்துக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அங்கேதான் வாசம். துருவைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ரெட் ஆக்சைடுப் பொடியை எண்ணெயில் குழைத்துப் பூசுவார். தகடு செக்கச் செவேலென்று ஆகும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் போயிருந்தேன். கரையில் வண்டி நிழலில் உட்கார்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருந்தேன். நம் தலைக்கு மேலே வெயில். மலையில் என்ன பெய்கிறது என்று யார் கண்டது? சலசலவென்று சத்தம் கேட்டுத் திரும்பினால் வாய்க்காலில் தண்ணீர் வருகிறது. "அண்ணாச்சி, தண்ணி" என்றேன். அவர் தாகத்துக்குக் கேட்கிறேன் என்று நினைத்து, கூஜா சீட்டுக்குக் கீழே இருக்கிறது என்றார். அதற்குள் தண்ணீரே போய் அவரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டது. ரெட் ஆக்சைடு டின் கவிழ்ந்தது. குழைத்த கலவையும் கொட்டி வைத்த பொடியும் மொத்தமாகக் கலந்து, வாய்க்கால் சிவப்பாக ஓடியது. அண்ணாச்சி சிவப்பாக எழுந்து வந்தார்.

கதை அதோடு முடியவில்லை. கொஞ்சம் கீழே வயல்காரர்கள் காத்திருந்தார்கள். அந்த வருஷத்து முதல் தண்ணீர். புதுத் தண்ணீர் மலை மண்ணைக் கரைத்துக்கொண்டு செக்கச் செவேலென்று வரும், அதற்குப் பூப் போட்டுக் கும்பிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். இந்தத் தண்ணீரின் சிவப்பைப் பார்த்ததும் அவர்கள் ஆடிப்போனார்கள். இப்படி ஒரு சிவப்பை யாரும் பார்த்ததில்லையாம். தேங்காய் உடைத்து, சூடம் கொளுத்தி, விழுந்து கும்பிட்டுவிட்டார்கள். நாங்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு அந்த வழியாக வந்தபோது எங்களுக்கும் தேங்காய்ச் சில்லு கொடுத்தார்கள். அண்ணாச்சி இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டார். கையெல்லாம் சிவப்பு. அவர்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்து வழிவிட்டார்கள்.

இதுவரை மதினி பொறுத்துக்கொண்டுதான் இருந்தாள். அவள் பொறுமை புளியில் போய் முடிந்தது.

ரெட் ஆக்சைடு பூசின இடத்திலேயே மறுபடியும் துரு பூத்தது. அடியில் இருக்கிற துருவை முழுசாக எடுக்காமல் மேலே பூசினால் அது உள்ளேயே வேலை பார்க்கும் என்று அண்ணாச்சிக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். யோசித்தார். வெள்ளிக்கிழமைக்கு மதினி குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்தால் தங்கமாக மின்னுகிறதே, புளிக்குப் பித்தளையில் ஆகிற வேலை இரும்பில் ஆகாதா என்ன? ஆகும். உண்மையில் புளி துருவை நன்றாகவே தின்னும். ஒரு சின்ன விஷயம், வண்டி குத்துவிளக்கை விடக் கொஞ்சம் பெரியது.

பங்குனியில் புளி வாங்கி, கொட்டை எடுத்து, நார் எடுத்து, உப்புப் போட்டுப் பிசைந்து, பெரிய ஜாடியில் அடைத்து வைத்தால் மறு பங்குனி வரை அந்த வீட்டுக் குழம்புக்கும் ரசத்துக்கும் அதுதான். மதினி கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் அந்த ஜாடி முழுவதும் வண்டிக்கு அடியில் போய்விட்டது. தகடு வெள்ளி மாதிரி பளபளத்தது. பாதியைக் கழுவித் துடைக்காமல் விட்டுவிட்டார். சாரல் ஈரம் வேறு. விடிந்ததும் பார்த்தால் முன்னை விடப் பிரமாதமான ஆரஞ்சுத் துரு.

மதினி ஜாடிக்குள் கையை விட்டுப் பார்த்தாள். வெறுங்கையை வெளியே எடுத்தாள். சத்தம் போடவில்லை. வண்டி பக்கத்தில் வந்து, அவர் பாதத்தைப் பார்த்துப் பேசினாள். நான் முற்றத்தில் சவரம் பண்ணிக்கொண்டிருந்தேன், எல்லாம் காதில் விழுந்தது.

"இங்க பாருங்க. புளி போனாப் போகுது. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீகளா?"

பாதம் ஆடவில்லை. தூங்கவும் இல்லை.

"நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன். இந்தச் சவத்தைத் தூரப் போட்டுட்டு வந்து கூப்பிடுங்க, வாரேன்."

அப்போது அவர் அடியிலிருந்தபடியே ஒரு வார்த்தை சொன்னார் பாருங்கள், எனக்குச் சவரக் கத்தி நழுவிவிட்டது. "போயிட்டு வா. இந்த வண்டியிலேயே வந்து உன்னக் கூட்டிட்டு வாரேன்" என்றார்.

மதினி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். "கால் வைக்கத் தரை இல்லாத வண்டியில எவ ஏறுவா? மொதல்ல தரையப் போடுங்க. அப்பறம் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு வீரகேரளம்புதூருக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

மனுஷன் அதைக் கோபம் என்று எடுத்துக்கொள்ளவே இல்லை. தரை போட்டால் வருவாள், அவ்வளவுதான் அவருக்குப் புரிந்தது. எஞ்சினை அதற்குள் ஒருவழியாக ஓட வைத்திருந்தார். அன்றிலிருந்து எஞ்சின், விளக்கு, ஹாரன் எல்லாவற்றையும் விட்டுவிட்டார். பக்கத்து சீட்டுத் தரை ஒன்றுதான் பேச்சு. சாப்பாடு ஓட்டலில். திரும்பி வரும்போது பூட்டின வீட்டைத் தாண்டி நேரே வண்டியை ஒதுக்கியிருந்த பின்பக்கச் சாய்ப்புக்குப் போய்விடுவார். வீட்டுக்குள் விளக்குப் போட்டு நான் பார்த்தது அபூர்வம்.

முதலில் மண்ணெண்ணெய் டின்னை வெட்டி விரித்து, ஆணி அடித்து, ரெண்டு பக்கமும் தரை போட்டார். மேலே நன்றாகத்தான் இருந்தது. பரீட்சை பார்க்க என்னைப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்து இலத்தூர்ப் பக்கம் ஒரு ஓட்டம் விட்டார். காற்று முகத்தில் அடிக்கிறது, எனக்கும் கொஞ்சம் ஜமீன்தார் தோரணை வந்துவிட்டது. காலை நீட்டி நன்றாக ஊன்றிக்கொண்டேன். 'டப்' என்றது. தகரம் வாயைத் திறந்தது. என் வலது கால் ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது, மீதி நான் வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிறேன். அண்ணாச்சி வண்டியை நிறுத்தி, என் காலைப் பார்க்கவில்லை. ஓட்டையைத்தான் பார்த்தார்.

"நல்லவேளைவே. இது அவ காலா இருந்தா?" என்றார்.

எனக்கு வந்ததே ஒரு கோபம். என் கால் என்ன, ஆஸ்பத்திரியில் கேட்பாரற்றுக் கிடந்த காலா? என் செருப்பு ஒன்று இலத்தூர் ரோட்டோடு போய்விட்டது. இரண்டு நாள் அவரோடு பேசாமல் இருந்தேன். அவருக்கு அது தெரியாது. அடியில் இருந்தார்.

கனமான தகடு வேண்டும், துருப் பிடிக்காததாக வேண்டும். அந்தக் காலத் தென்காசியில் அது சுலபமாகக் கிடைத்துவிடவில்லை. வாளி அடிக்கிறவரிடம் கேட்டார், அவரிடம் மெல்லிசுதான். திருநெல்வேலிக்கு ஆள் சொல்லி அனுப்பினார், பதில் வரவில்லை. ஒருநாள் ஆபீஸ் விட்டு வந்தால், அண்ணாச்சி வீட்டுக் கட்டில் முற்றத்தில் கிடக்கிறது. அவர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார். எதிரே ஒரு போர்டு.

அந்தப் போர்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரிட்டையர் ஆனதும் குற்றாலம் ரோட்டில் சொந்தமாக ஒரு மருந்துக்கடை போட வேண்டும் என்பது அண்ணாச்சியின் ஆசை. கடைக்கு இடம் பார்க்கவில்லை, சரக்குப் பிடிக்கவில்லை. போர்டு மட்டும் தயார். துருப் பிடிக்காமல் துத்தநாகம் பூசின கெட்டித் தகட்டில், நீலப் பின்னணியில் மஞ்சள் எழுத்து. அவருடைய சொந்தப் பெயர் முழுசாக, இனிஷியலோடு. கீழே 'மெடிக்கல் ஹால்'. பழைய வேட்டியில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருப்பார். வருஷம் ஒருமுறை சரஸ்வதி பூஜைக்கு வெளியே எடுத்து, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மதினி கையால் பூப் போடச் சொல்லி, மறுபடி சுற்றி உள்ளே வைப்பார். ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர், தெருவில் கம்பவுண்டர் என்று கேட்டுக் கேட்டு, தம் பெயரைத் தாமே பார்த்துக்கொள்ள அவருக்கு அந்த ஒரு நாள்தான்.

நான் பக்கத்தில் போய் நின்றதும் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். ணங் என்று கோயில் மணி மாதிரி கேட்டது.

"வேண்டாம் அண்ணாச்சி" என்றேன்.

"கடை எப்போ வருமோ. இவ வீட்டுக்கு வரணும்லா" என்றார்.

வாளி அடிக்கிறவரிடம் கத்திரி கடன் வாங்கி வெட்டினார். அந்தச் சத்தத்தை நான் கேட்க விரும்பாமல் உள்ளே போய் ரேடியோவைத் திருப்பினேன். தகடு ஒரு பக்கத்துக்குத்தான் போதும் போலிருந்தது. பெயர் இருந்த பெரிய துண்டை அவள் சீட்டுக்குக் கீழே பொருத்தி, சுற்றிலும் ரிவெட் அடித்தார். பெயிண்ட் பக்கம் கல்லடி படக் கூடாது என்று அதை மேலே பார்க்க வைத்தார். அடிப்பக்கம் ரெட் ஆக்சைடு, அதற்கு மேல் தார், அதற்கு மேல் மாட்டுவண்டி அச்சுக்குப் போடுகிற வண்டி மை. அவர் சீட்டுக்குக் கீழே? பழைய மண்ணெண்ணெய்த் தகரம்தான், அதுவும் பாதி கிழிந்தது. கேட்டேன். டிரைவருக்குக் கால் மிதியில்தானே இருக்கப் போகிறது என்று ஒரு நியாயம் சொன்னார்.

சாரல் ஜோராக அடித்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். போகும்போது நான் பக்கத்தில், வரும்போது நான் பஸ்ஸில் என்று ஏற்பாடு. தரை கல் மாதிரி இருந்தது. குதித்துக்கூடப் பார்த்தேன், அசையவில்லை. அண்ணாச்சியின் பக்கத்திலிருந்துதான் குழி குழியாகச் சகதி பீய்ச்சி அடித்துக்கொண்டே வந்தது. வீரகேரளம்புதூர் போய்ச் சேர்ந்தபோது நான் இடுப்புக்குக் கீழே காய்ந்த மனுஷன். அவர் இடுப்புக்குக் கீழே நடவு வயல்.

மதினியின் அண்ணன் வாசலுக்கு வந்து பார்த்து, "மச்சான் வண்டியில வந்தாகளா, வண்டிக்கு முன்னால ஓடி வந்தாகளா?" என்று கேட்டார். அண்ணாச்சி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மதினி உள்ளேயிருந்து வந்தாள். அவர் பக்கத்து சீட்டுக் கதவைத் திறந்து, சட்டைத் துணியால் தரையை ஒரு தரம் துடைத்துவிட்டு, "தரை போட்டாச்சு. ஏறு" என்றார். அவ்வளவுதான் பேசினார். பரீட்சை எழுதிவிட்டு வாத்தியார் முகத்தைப் பார்க்கிற பையன் மாதிரி நின்றார்.

மதினி குனிந்து தரையைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, ஓரத்துப் படியிலிருந்து நேரே சீட்டுக்குத் தாவி, காலை மடக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். காலைக் கீழே விடவே இல்லை. அண்ணாச்சி முகம் சுண்டிவிட்டது. வண்டியை எடுத்தார். பூஜைக்கு வைத்த அம்மன் மாதிரி அவள் உட்கார்ந்த கோலத்திலேயே வண்டி சுரண்டைப் பக்கம் திரும்பிப் போயிற்று.

ராத்திரி நான் பஸ்ஸில் வந்து இறங்கும்போது வளவில் அதே பேச்சாக இருந்தது. தெருவெல்லாம் பார்த்திருக்கிறது. கம்பவுண்டர் போட்ட தரையில் அவர் பெண்டாட்டிக்கே நம்பிக்கை இல்லை, ஓட்டை விழுந்துவிடும் என்று பயந்து வழி முழுக்கச் சம்மணம் போட்டு வந்தாள் என்று ஒரே சிரிப்பு. நானும் சிரித்திருப்பேன். அண்ணாச்சியைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை. மனுஷன் காருக்கு அடியில் போகாமல் சும்மா நின்றுகொண்டிருந்தார். அதை நான் அதற்கு முன் பார்த்ததே கிடையாது.

"நீரு குதிச்சுப் பாத்தீரு. அது தாங்கிச்சா இல்லையா?" என்று கேட்டார்.

"தாங்கிச்சு அண்ணாச்சி."

"பெறவு ஏன்வே அவ ஒரு காலக்கூடக் கீழ வைக்கல?"

அவரால் மதினியிடம் அதைக் கேட்க முடியவில்லை. வந்துவிட்டாளே, அது போதும், கேட்டு மறுபடி பஸ் ஏறிவிட்டால்? என்னைத்தான் அனுப்பினார். மறுநாள் காலையில் மதினி அம்மியில் ஏதோ அரைத்துக்கொண்டிருந்தாள். நான் சுற்றி வளைக்காமல் கேட்டேன். தரை உடையும் என்று பயமா என்றேன்.

அவள் அரைப்பதை நிறுத்தவில்லை. "நீங்க மிதிச்சிட்டே வந்தீகளாக்கும்" என்றாள்.

"ஆமா, பின்னே?"

"படிச்ச ஆளுதானே. என்ன எழுதியிருக்குன்னு பாக்கலையா? அவுக பேருல்லா அங்கன கெடக்கு. வாயால சொல்லாத பேர நான் காலால மிதிப்பனா?"

அந்தக் காலத்தில் புருஷன் பெயரைப் பெண்கள் சொல்ல மாட்டார்கள். ரேஷன் கடையில் கேட்டால் கூட பக்கத்தில் நிற்பவரைச் சொல்லச் சொல்லுவார்கள். இது எனக்கும் தெரியும், அண்ணாச்சிக்கும் தெரியும். துருப் பிடிக்காத தகடு கிடைத்த சந்தோஷத்தில் அந்த மனுஷன் தம் பெயரைக் கொண்டுபோய்ப் பெண்டாட்டி கால் வைக்கிற இடத்தில் ரிவெட் அடித்து வைத்திருக்கிறார். ரெண்டு பேருக்குமே அது தோன்றவில்லை.

மதினி அரைத்ததை வழித்துக்கொண்டே, தனக்குத் தானே சொல்லுவது போல இன்னொன்றும் சொன்னாள். "போர்டப் போயி வெட்டியிருக்காக பாருங்க. வருசா வருசம் நான் பூப் போட்ட போர்டு." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மிளகாய் அரைக்கவில்லை, வெறும் தேங்காய்தான்.

நான் போய் அண்ணாச்சியிடம் அப்படியே சொன்னேன். கேட்டுக்கொண்டு நின்றார். வலது கையால் இடது கையைத் துடைத்தார், பிறகு இடது கையால் வலது கையை. "மடப்பயவே நான்" என்றார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். மடையன் என்று தெரிந்ததில் அவ்வளவு சந்தோஷப்பட்ட மனுஷனை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு லீவு போட்டார். அடித்த ரிவெட்டையெல்லாம் உளியால் வெட்டி எடுத்து, தகட்டைக் கழற்றித் திருப்பிப் போட்டார். பெயர் கீழே ரோட்டைப் பார்க்க, தார் பூசின பக்கம் மேலே. அதைச் சுரண்டிச் சுத்தம் பண்ணி, மதினியின் பழைய புடவையை மடித்து விரித்தார். சாயங்காலம் அவளைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் புடவையை விலக்கி, கையால் தடவிப் பார்த்து, எழுத்து ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகு ஏறி உட்கார்ந்து ரெண்டு காலையும் ஊன்றினாள். நன்றாக ஊன்றினாள். அண்ணாச்சி வண்டியைக் கிளப்பி ஐந்தருவிப் பக்கம் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தார். திரும்பி வந்து இறங்கும்போது அவர் வேட்டி முழுக்கச் சகதி. அவள் கொசுவத்தில் ஒரு சொட்டுக் கிடையாது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். மழை பெய்து ஓய்கிற அன்றைக்கெல்லாம் மதினியே விளக்கெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வண்டிப் பக்கம் வந்து நிற்பாள். பாதங்கள் நீட்டிக்கொண்டிருக்கும். கிண்ணத்தைக் கீழே நகர்த்தி வைத்து, "அங்கன கொஞ்சம் நல்லாத் தடவுங்க. நேத்து ரோட்டுல அம்புட்டுத் தண்ணி" என்பாள். எங்கே என்று அவர் கேட்க மாட்டார். பாதம் ஆடும். நான் அந்த வளவில் இருந்தவரை வண்டியில் வேறு எங்கே துருப் பிடித்ததோ தெரியாது, அந்தத் தகட்டில் ஒரு புள்ளி கிடையாது.

ரிட்டையர் ஆகி அண்ணாச்சி குற்றாலம் ரோட்டில் கடையும் போட்டார். போர்டு மாட்டவில்லை. புதுசு எழுத ஆள் இருந்தது, அவர்தான் வேண்டாம் என்றார். கம்பவுண்டர் கடை என்றே ஊர் கூப்பிட்டது. பெயர் இருந்த போர்டு வாசலில் நின்ற வண்டியில்தான் இருந்தது. பார்க்க வேண்டுமென்றால் மல்லாந்து படுக்க வேண்டும்.

இந்தக் கதையைச் சொன்னால் எல்லோரும் கடைசியில் ஒன்று கேட்கிறார்கள், அப்படி என்னதான் ஐயா அவர் பெயர் என்று. எனக்குத் தெரியும். அதன் மேலே குதித்துப் பார்த்தவனாயிற்றே நான். ஆனால் மதினி கடைசிவரை வாயால் சொல்லாத பெயர் அது, எனக்கும் சொல்ல மனசு வரவில்லை.